பின் சீட்டுக் கிழிசல்

அம்பாசிடரின் பின் சீட்டில், இடது கதவை ஒட்டினாற்போல், பச்சைக்கரைத் துண்டு ஒன்று எப்போதும் விரித்தபடி கிடக்கும். வண்டியைத் துடைக்கிறவர்கள் அதை எடுக்கக்கூடாது. எடுத்தால் வரலட்சுமி சண்டைக்கு வரமாட்டாள். துடைத்து முடிக்கிறவரை பக்கத்தில் வந்து பேசாமல் நின்றுகொண்டிருப்பாள். அதற்குப் பயந்தே கொழுந்தன் கலைவாணனும், மகள் கவியாவின் புருஷன் ஜோயலும் துண்டைச் சுற்றிலும் துடைத்துவிட்டு நழுவிவிடுவார்கள்.

துண்டுக்கு அடியில் ரெக்சின் கிழிந்திருந்தது. உள்ளங்கை நீளம் இருக்கும். மெரூன் நிறத் தோல் இரண்டு பக்கமும் உதடு மாதிரி ஒதுங்கி, நடுவில் மஞ்சள் பூத்த ஸ்பாஞ்சும் அதற்கும் கீழே தேங்காய் நாரும் தெரிந்தன. அதைக் கிழித்தவை தன் புருஷனின் விரல்கள் என்று வரலட்சுமி நம்பினாள். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வாசுதேவன் அணுபுரம் குடியிருப்பில் பள்ளிக்கூட வேன் ஓட்டினவர். அதற்கு முன்னால் அங்கேயே ஓர் அதிகாரி வீட்டுக்கு இந்த அம்பாசிடரை ஓட்டினார். அவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது வண்டி இவர் கைக்கு வந்தது. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கிற பழைய மாடல். புதுப்பட்டினத்தில் அவர்கள் தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் பெண்ணழைப்புக்கு அந்த வண்டிதான். பெண்ணைப் பின் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, "நடுவுல நல்லா சாஞ்சி குந்துமா, ஓரத்துல ஒண்டாத" என்பார். அவருடைய அப்பா ஊர்க்காரர்களின் நெல் வண்டிக்குப் பின்னாலேயே செங்கல்பட்டு வரை நடந்து போய்த் திரும்பி நடந்து வந்தவர். காலி வண்டியில்கூட அவரை யாரும் ஏறச் சொன்னதில்லை. வாசுதேவன் இதைக் கதையாகச் சொல்லமாட்டார். யாராவது பின் சீட்டில் ஓரமாக ஒண்டி உட்கார்ந்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சு அடைத்தது. பக்கத்து கிளினிக்கில் பார்த்தவர்கள் உடனே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். திருக்கழுக்குன்றத்தில் தேர், ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஜோயல் அம்பாசிடரை எடுத்தான். வரலட்சுமி பின்னால் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். திருக்கழுக்குன்றத்தில் சங்கு தீர்த்தக் குளத்து முனையில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் பலூன் வண்டி, பொரிகடலை வண்டி, பஸ், ஜனம். அவள் தன் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்துவிட்டு இறங்கி ஓடினாள். அங்கன்வாடி டீச்சராகப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். கத்தி, கும்பிட்டு, ஆட்களைத் தள்ளி வழி பண்ணினாள். வண்டி நகர்ந்தது, நகருகிற வண்டியில் முன் கதவைத் திறந்து தாவி ஏறினாள்.

"தூங்கினுகீறாரு அத்தை," என்றான் ஜோயல்.

அவளும் திரும்பிப் பார்த்தாள். கண் மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில், உயிர் போய்க் கொஞ்ச நேரம் ஆகிவிட்டது என்றார்கள்.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். கார்த்திகை மழை விட்ட பிறகு காற்றாட வேண்டும் என்று ஒருநாள் அவளே கதவைத் திறந்தாள். அவர் தலை கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், கை எட்டுகிற இடத்தில், கிழிசலைப் பார்த்தாள். அன்றிலிருந்து அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போடும்போதும், வீட்டில் நெத்திலி ஆயும்போதும் அவளுக்கு ஒரே கணக்குதான் ஓடியது. நான் இறங்கிப் போன நேரத்தில் அவர் விழித்திருக்கிறார். வலியில் சீட்டைப் பிறாண்டியிருக்கிறார். கூப்பிட்டும் இருப்பார். நான் தெருவில் யாரோ பலூன்காரனிடம் கத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது மாசி. கலைவாணனின் மகள் சுஷ்மிதாவுக்குப் பங்குனியில் கல்யாணம், மாமல்லபுரத்தில் மண்டபம். பெரியப்பா வண்டியில்தான் போவேன் என்று அந்தப் பெண் ஒரே பிடியாக நின்றது. கலைவாணன் வரலட்சுமியிடம் வந்தான்.

"அண்ணி, பின் சீட்ட மொத்தமா பிச்சிப் போட்டுட்டு புச்சா போட்ருவோம்," என்றான். "அண்ணன் போன சீட்டு. நாளைக்கி எவனாவது எதனா சொல்லுவான்."

"எவன் சொல்லுவான்?"

"சம்பந்தி வூட்ல சொல்லுவாங்க."

"உங்க அண்ணன் அந்த சீட்ல எத்தினி பொண்ணுங்கள குந்த வெச்சாரு. அப்பல்லாம் நல்ல சீட்டா இருந்துச்சு, இப்ப ஆவாத சீட்டா பூடுச்சா?"

சீட்டை மாற்றமாட்டேன், கிழிசலை மூடவும் மாட்டேன் என்று அவளும் எத்தனை நாள் சொல்லிக்கொண்டிருப்பாள்? கடைசியில், கடைக்காரரிடம் காட்ட மட்டும் வருகிறேன் என்றாள்.

ஜோயல் ஓட்டினான். கலைவாணன் முன்னால். அவள் பின்னால், துண்டுக்கு வலப்பக்கம். அறுப்பு முடிந்து வைக்கோலை ரோட்டிலேயே பரப்பியிருந்தார்கள். அதன் மேல் ஏறும்போதெல்லாம் வண்டி சத்தமில்லாமல் மிதந்தது. திருக்கழுக்குன்றத்துக் குளத்து முனை வந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஜோயல் கண்ணாடியில் அதைப் பார்த்தான்.

செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்குப் போகிற பக்கம் தனகோடியின் குஷன் கடை. தகரக் கொட்டகை. வெளியே ஆட்டோ சீட்டுகள், ஒரு பல் டாக்டரின் நாற்காலி, பிரித்துப்போட்ட சோபா. வெட்டுவதும் சாயம் குழைப்பதும் தனகோடி. மிஷினில் தைப்பதும் ஒட்டுப் போடுவதும் அவர் சம்சாரம் வசந்தா. தனகோடிக்கு வாய் ஓயாது.

"அம்பாசிடரா! ஹேண்ட் கியரா! வா வா," என்று வண்டியைச் சுற்றி வந்தார். "எந்த ஊரு?"

"புதுப்பட்டினம்," என்றான் கலைவாணன்.

"புதுப்பட்டினத்துல எந்தப் பக்கம்?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். "மார்க்கெட்டுக்குப் பின்னால," என்றாள் வரலட்சுமி. தனகோடி மேற்கொண்டு கேட்கவில்லை. துண்டைத் தூக்கப் போனார். அவள் அவர் கையைத் தடுத்து, தானே எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

தனகோடி குனிந்து பார்த்த மாத்திரத்தில், "எலி," என்றார்.

"எலியா?"

"எலிதாம்மா. நான் பாக்காத எலியா? நாருக்கு வந்துகீது. கூடு கட்ட."

"எலி இல்ல," என்றாள் அவள்.

"அப்ப நகம். நாயி ஏதாச்சும் ஏத்தினியா?"

வரலட்சுமியின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டு ஜோயல், "அண்ணாத்த, கொஞ்சம் பாத்துப் பேசு," என்றான்.

"இன்னா தப்பா சொல்லிட்டேன்? நகம்னா நகம். வண்டி வெயில்ல நின்னா ரெக்சினு அப்பளமாட்டம் ஆயிடும். வெரல வெச்சி அமுக்கினாலே போதும்."

வெரல் என்ற சொல் அவளுக்குள் நேராகப் போய் இறங்கியது. அப்படியானால் சரிதான். கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் வசந்தா மிஷினை விட்டு எழுந்து வந்து, தலையை உள்ளே நுழைத்து, கிழிசலின் ஓரத்தை விரலால் தடவினாள்.

"யோவ், கண்ணாடிய எங்க வெச்ச? எலி கட்ச்சா ஓரம் பிசுறா இருக்கும். நகம்னா கோடு இஸ்த மாதிரி இருக்கும். இது சுருண்டு, கெட்டியா, மணி மணியா கீது பாரு. நெருப்புயா இது. சுட்டு ஓட்டை வுழுந்துகீது. அப்பால குந்தி எழுந்து பெருசா பிளந்துனுகீது."

தனகோடி திரும்பவும் தடவிப் பார்த்தார். "ஆமா, நெருப்புதான்," என்றார், முதலிலிருந்தே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர்போல. "சிகிரெட்டு."

"அவரு பீடி சிகரெட்டு தொட்டதில்ல," என்றாள் வரலட்சுமி.

"அப்ப யாரு?"

ஏரிப்பக்கம் ஒரு ரயில் போனது. வரலட்சுமி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். இத்தனை மாதமாக ஒரு வலியைப் பக்கத்தில் படுக்கவைத்துத் துண்டு போர்த்திப் பாதுகாத்திருக்கிறாள். அது அவருடையது இல்லையா? நெருப்பா? வண்டிக்குள் ஏது நெருப்பு?

கலைவாணன் வேட்டியை மடித்துக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி மடித்துக் கட்டினான்.

"அண்ணி, திட்டக்கூடாது."

"சொல்லு."

"கருமாதி அன்னிக்கி எல்லாரும் கடற்கரைக்குப் போய்ட்டு வந்தோம்ல. வந்து, நீ படுத்துகினு இருந்த. நான் வண்டிய தொறந்து ஒரு தேங்காய்ல கற்பூரம் வெச்சி... அந்த தல இருந்த எடத்துல சுத்தி... நாளைக்கி சுஷ்மிதா குந்தற சீட்டு ஆச்சே. ஒண்ணு உருண்டு கீழ வுழுந்துச்சு. ஊதி அணைச்சேன். கறுப்பாதான் இருந்துச்சு, சின்னதா. தொடச்சிட்டேன்."

"எங்கிட்ட சொல்லல."

"பயந்துகினு சொல்லல. அண்ணன பீடையாட்டம் கழிச்சி வுட்டான்னு நீ நெனச்சிட்டா?"

அவள் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், "சின்ன மாமா, அது நீங்க இல்ல," என்றான் ஜோயல்.

"இன்னா மாப்ள?"

"நான்தான் சுட்டது." ஜோயல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நவம்பர்ல கல்லறைத் திருநாள் வந்துச்சில்ல. எங்க வூட்ல எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போயி பூ வெச்சி மெழுகுவத்தி ஏத்துவோம். எங்க தாத்தாவுக்கு, பெரியம்மாவுக்கு எல்லாம் ஏத்தினேன். கவியா கேட்டா, எங்க அப்பாவுக்கு எங்க ஏத்துவன்னு. மாமாவ எரிச்சிட்டோம். சாம்பல கடல்ல கரைச்சிட்டோம். எனக்கு வேற எடம் தெரியல. வண்டிலதான் அவரு கடைசியா இருந்தாரு. அதான் தார்ப்பாய தூக்கிட்டு உள்ள போயி, தல வெச்ச எடத்துல ஒண்ணு ஏத்திட்டு ஜெபம் பண்ணேன். கண்ண மூடினுகீறேன், சாஞ்சிடுச்சு."

"பத்திகினு எரிஞ்சிருந்தா?" என்று கத்தினார் தனகோடி. "டேங்க்குல இருக்கறது இன்னா, மோரா? ஒருத்தன் கற்பூரம், ஒருத்தன் மெழுகுவத்தி! இன்னும் எவனாவது கீறானா, ஊதுவத்தி கொளுத்தனவன்?"

வசந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னுதுதான் மொதல்ல," என்றான் கலைவாணன்.

"உங்களுது தொடச்சிட்டேன்னீங்களே. நான் ஏத்தும்போது ஒண்ணும் கண்ணுல படல."

"இருட்டுல நீ இன்னா பாத்த?"

"ஆளுக்கு ஆளு நான்தான் நான்தான்னு நிக்கிறீங்க! பரிசா குடுக்கறாங்க?" என்றாள் வசந்தா. "யாரு சுட்டா இன்னா. ஒண்ணு ஓட்டை போட்டுகீது, இன்னொண்ணு பெருசாக்கிகீது. மெழுகும் கீது, கரியும் கீது. எக்கா, ஒட்டுப் போட்டு மூடிடவா?"

வரலட்சுமி தலையாட்டினாள். எதற்கு ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இனி அதைத் திறந்து வைத்திருக்க என்ன இருக்கிறது?

பின் சீட்டைக் கழற்றி வெளியே பெஞ்சின் மேல் கவிழ்த்தார்கள். சீட்டின் அடியில், கண்ணுக்குத் தெரியாத மடிப்பில், பழைய ரெக்சின் நாலு விரல் அகலத்துக்கு வெயில் படாமல் மிஞ்சியிருந்தது. வசந்தா அதிலிருந்து ஒரு துண்டை வெட்டினாள். "புது ரெக்சினுல ஒட்டுப் போட்டா காட்டிக் குடுத்துடும். அதுங்கூடவே பொறந்ததுன்னா சேர்ந்துக்கும்," என்றாள். கெட்டிப்பட்டிருந்த ஓரங்களைப் பிளேடால் சீவி எடுத்தாள். உள்ளே காடாத்துணியை நுழைத்துப் பசை தடவி, அதன் மேல் துண்டைப் பொருத்தி, துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். தனகோடி சிவப்பையும் கறுப்பையும் குழைத்து நகத்தில் தடவி, சீட்டோடு வைத்து வைத்துப் பார்த்தார். "கறுப்பு தூக்கல்," என்பாள் வசந்தா. "நீ மிஷின பாரு," என்பார் அவர். பிறகு கொஞ்சம் சிவப்பு சேர்ப்பார்.

காய வேண்டும். வரலட்சுமி கொண்டுவந்த தூக்கைத் திறந்தாள். நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, சோறு, அவித்த முட்டை. வசந்தா தன் டப்பாவை நகர்த்தி வைத்துவிட்டு, "எக்கா, எனக்கு ரெண்டு கரண்டி ஊத்து. இந்த மனுசன் கருவாடு வாங்கினா நாறுதும்பாரு," என்றாள். தனகோடி ஒரு கணம் தயங்கினார். பிறகு அவரும் தட்டை நீட்டினார்.

வரலட்சுமிக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. பிசைந்துகொண்டே இருந்தாள்.

"ஜோயலு."

"இன்னா அத்தை?"

"அப்ப அவரு ஒண்ணும் பண்ணலியா? நான் எறங்கிப் போனப்ப."

ஜோயல் கையை உதறினான். தண்ணீர் குடித்தான்.

"தூங்கினு இருந்தாருன்னு சொன்ன," என்றாள்.

"திட்டினாரு," என்றான் ஜோயல்.

கலைவாணன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

"யார?"

"என்னதான். கூட்டத்துல நின்னு நின்னு எடுக்கறேன், கியர் வுழ மாட்டேங்குது, கரகரன்னு கத்துது. பின்னாலேந்து, 'மாப்ள, நீ ஓட்றது வண்டியா, ஆட்டுக்கல்லா? ரெண்டாவதுல போடுயா, அழுவுது பாரு'ன்னாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அப்பால, 'டீச்சரு எங்க?'ன்னாரு. முன்னாடி போயி கூட்டத்த வெலக்கறாங்க மாமான்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாரு. 'கேக்குது கேக்குது. அவ கத்தற கத்துக்கு தேரே ஒதுங்கி வழி வுடும்'ன்னாரு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. அவ்ளோதான். அப்பால பேசல. நீங்க வந்து ஏறினீங்க. தூங்கறாருன்னுதான் நானும் நெனச்சேன், அத்தை."

"இத்த ஏன் இத்தினி நாளா சொல்லல?"

"கடைசியா வாயத் தொறந்து என்னத் திட்டிட்டுப் போனாருன்னு எப்பிடி சொல்றது? ஒழுங்கா ஓட்டியிருந்தா பொழச்சிருப்பாரோன்னு நெனக்க மாட்டீங்களா?"

அவள் ஜோயலையே பார்த்தாள். நல்ல பிள்ளை. மாமியார் சோறு தின்னாமல் பிசைகிறாளே என்று ஒரு கதை கட்டிச் சொல்லக்கூடிய பிள்ளைதான். அன்றைக்குத் தூங்குகிறார் என்று சொன்ன வாய்தானே இது. வாசுதேவன் பேசுகிற மாதிரியேதான் இருந்தது. தேரே ஒதுங்கும் என்று அவர் சொல்லக்கூடியவர்தான். ஆனால் அவர் எப்படிப் பேசுவார் என்று ஜோயலுக்கும் தெரியுமே.

"நெசமா, இல்ல எனக்காக சொல்றியா?"

"சத்தியமா அத்தை."

"வேணாம், சத்தியம்லாம் பண்ணாத," என்றாள். ஒரு வாய் சோற்றை எடுத்து வாயில் வைத்தாள்.

சீட்டைத் திரும்ப மாட்டியபோது ஒட்டு எங்கே என்று கலைவாணனுக்குத் தெரியவில்லை. தேடித்தேடிப் பார்த்தான். வரலட்சுமிக்குத் தெரிந்தது. கையை வைத்தால் அந்த இடம் மட்டும் கொஞ்சம் மழுமழுவென்று, இன்னும் சூடாக இருந்தது. பசை நாற்றம் வண்டி முழுக்க அடித்தது. துண்டைத் திரும்ப விரிக்காமல் தோளில் போட்டுக்கொண்டாள்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. திருக்கழுக்குன்றத்தில் நுழைந்து குளத்து முனைக்கு வந்ததும், "நிறுத்து," என்றாள்.

"டீ குடிக்கிறீங்களா அத்தை?"

"இங்கதான நின்னுச்சு அன்னிக்கி?"

ஜோயல் ஓரங்கட்டினான். "இன்னும் கொஞ்சம் முன்னால."

"அங்கயே வெச்சி நிறுத்து. இஞ்சின அணைக்காத. முன் கண்ணாடி எறக்கி இருந்துச்சா?"

"ரெண்டும் எறக்கி இருந்துச்சு."

"எறக்கு. பின்னாடி?"

"பாதி."

அவள் பின் கண்ணாடியைப் பாதிக்கு இறக்கினாள். "நீ எறங்கி அந்த டீக்கடய தாண்டிப் போயி நின்னு கத்து. நான் அதுவரைக்கும் போயிருந்தேன்."

"இன்னான்னு கத்தறது?"

"நான் இன்னா கத்தினேனோ அதத்தான்."

கலைவாணன் பின்னால் திரும்பினான். "அண்ணி, இன்னா இது? போறவன் வர்றவன்லாம் பாப்பான். அன்னிக்கி திருவிழா, ஆயிரம் சத்தம். இன்னிக்கி கேட்டா அன்னிக்கி கேட்டுச்சுன்னு ஆயிடுமா?"

அது அவளுக்கும் தெரியும். "நீயும் போ," என்றாள். "ஆயிரம் சத்தத்துக்கு நீயும் கத்து."

இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். வரலட்சுமி செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை மடக்கி, பின் சீட்டில் படுத்தாள். பச்சைக்கரைத் துண்டை மடித்துத் தலைக்கு வைத்தாள். கன்னத்துக்குப் பக்கத்தில் ஒட்டு. இங்கிருந்து பார்த்தால் வண்டியின் கூரைத் துணியும், கண்ணாடி வழியாக ஒரு மின்கம்பத்தின் உச்சியும் மட்டும் தெரிந்தன. அவரும் இதைத்தான் பார்த்திருப்பார். இஞ்சின் அடியில் உறுமிக்கொண்டிருந்தது. உடம்பு முழுக்க அந்த அதிர்வு வந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. முன்னாலிருந்து ஒன்றும் வரவில்லை.

"கத்துங்கடா!" என்றாள் படுத்தபடியே.

"தள்ளு... வழி வுடுங்க..." ஜோயலின் குரல் வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயோ விழுந்தது. யாரோ சிரித்தார்கள். "இன்னா சார், ஷூட்டிங்கா?" என்று டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல். "ஒன் வேலய பாருயா!" இது கலைவாணன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது போலிருந்தது. அடித்தொண்டையில் எடுத்து ஒரு கத்து கத்தினான். அதைக் கேட்டு ஜோயலும் வெட்கத்தை விட்டான். இரண்டு ஆண்கள் ஒரு காலித் தெருவில், இல்லாத கூட்டத்தை விலகச் சொல்லிக் கத்தினார்கள். ஒரு ஆட்டோ நிஜமாகவே ஒதுங்கி நின்றது.

என்ன சொல்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. இஞ்சின் சத்தம் சொற்களை அரைத்துவிட்டது. எது ஜோயல், எது கலைவாணன் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

எழுந்து, போதும் வாங்கடா என்று சொல்ல வேண்டும். அவள் கன்னத்தை ஒட்டின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தாள். அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள்.